கடலூரில் முதல் வீடு: முதலில் தண்ணீர், அப்புறம் பத்திரம், கடைசியில்தான் வீடு

வீடு பார்க்கப் போனால் வாசல் கிழக்கா வடக்கா, சமையலறை எவ்வளவு பெரிசு, கார் நிற்குமா என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். கடலூரைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அந்த இடத்துக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படி வடிகிறது என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால் பத்திரத்தைக் கையில் எடுங்கள். இரண்டும் தேறிய பிறகு டைல்ஸ், மாடுலர் கிச்சன் பேச்சு பேசலாம். வேலை மாற்றலாகி இங்கே வந்தவர்கள், இத்தனை நாள் வாடகைக்கு இருந்துவிட்டு இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நினைப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மஞ்சக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் கதை தெரிந்திருக்கும், அவர்கள் நேராகப் பத்திரப் பகுதிக்குப் போய்விடலாம்.

கையில் எவ்வளவு வேண்டும்?

"வங்கியில் லோன் தருவாங்க, பாத்துக்கலாம்" என்று இறங்காதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக்கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம், இதுதான் உச்சவரம்பு. பத்திரச் செலவுக்கு இந்தக் கணக்கில் இடம் கிடையாது (10 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய சொத்துக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு).

ஒரு தனி வீடு 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சக் கடன் 32 லட்சம், மீதி 8 லட்சம் உங்கள் கையிலிருந்து. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 60 ஆயிரம். அப்புறம் வக்கீல், பத்திர எழுத்தர், தரகர், வங்கியில் அடமானம் வைப்பதற்கான எம்.ஓ.டி. பதிவு, பெயிண்ட், கிரில், மோட்டார். 40 லட்சம் வீட்டுக்குச் சொந்தப் பணம் 13 லட்சமாவது தயாராக இல்லையென்றால் பாதி வழியில் நகையை அடகு வைக்க ஓட வேண்டியிருக்கும். மாதத் தவணை கைக்கு வரும் சம்பளத்தில் நாற்பது சதவீதத்தைத் தாண்டினால், என்னைக் கேட்டால், சின்ன வீடாகப் பாருங்கள்.

இரண்டு சலுகைகளைச் சொல்லிவிடுகிறேன். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மனை மட்டும் வாங்குபவர்களுக்கு இது உதவும். புதிய அடுக்குமாடி வீட்டை முதல் ஆளாக வாங்கினால் 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவு 2, ஆக 6 சதவீதம்தான்.

தண்ணீர்

வடக்கே தென்பெண்ணை, ஊருக்கு நடுவே கெடிலம், தெற்கே முதுநகர்ப் பக்கம் உப்பனாறு, எல்லாம் வந்து சேரும் இடம் கடல். மேற்கே எங்கே மழை பெய்தாலும் கடைசியில் நம் ஊரைத் தாண்டித்தான் தண்ணீர் போக வேண்டும். 2015 வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்துவிட்டது, "சரி, தப்பிச்சோம்" என்று ஊர் மூச்சு விட்ட பிறகு, டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையில் நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் தண்ணீர் சூழ்ந்தது. ஆக "இங்க மழை பெஞ்சா தண்ணி நிக்குமா" என்று மட்டும் கேட்டால் போதாது, "அணை திறந்தா இங்க வருமா" என்றும் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? விற்பவரிடமும் தரகரிடமும் கேட்டுப் பிரயோசனமில்லை. தெருமுனை டீக்கடை, பால் ஊற்றுபவர், ஆட்டோ ஸ்டாண்ட், முக்கியமாக அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள். சொந்த வீட்டுக்காரர் தன் தெருவை விட்டுக்கொடுக்க மாட்டார், வாடகைக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. "2015ல எதுவரைக்கும் வந்துச்சு, 2024ல எதுவரைக்கும் வந்துச்சு" என்று வருஷத்தைச் சொல்லிக் கேளுங்கள், முழங்காலா இடுப்பா என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள். முடிந்தால் நவம்பர், டிசம்பரில் ஒரு கனமழைக்கு மறுநாள் காலையில் போய் நில்லுங்கள். மார்ச் மாதத்தில் எல்லா மனையும் நல்ல மனைதான்.

வீட்டுக்குள் போனால் சுவரின் கீழ் மூன்றடி மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறதா, கதவு நிலையின் அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, பிளக் பாயிண்டுகளை எல்லாம் மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தெருவை விட வீட்டுத் தளம் எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே போட்டுப் போட்டு, இருபது வருஷத்துக்கு முன் இரண்டடி உயரத்தில் இருந்த வீடு இன்று சாலைக்குச் சமமாகிவிடும்.

கடலுக்குக் கிட்டே, தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் பார்ப்பவர்களுக்கு இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, அந்த இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறதா என்பது. வந்தால் புதிதாகக் கட்டவோ கூட்டிக் கட்டவோ தனி அனுமதி வேண்டும், சில இடங்களில் கட்டவே முடியாது. இரண்டாவது, உப்புக் காற்று. மொட்டை மாடிக்கு அடியில், பால்கனி ஓரத்தில், சன்ஷேடில் கான்கிரீட் உப்பி உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் வெறும் பூச்சு வேலையில் அது முடியாது.

குடிக்கும் தண்ணீர் தனி விஷயம். கரையோரம் போர் தண்ணீர் உப்பாகும், முதுநகருக்குத் தெற்கே சிப்காட் ரசாயன ஆலைகளை ஒட்டிய கிராமங்களில் நிலத்தடி நீர் கெட்டுப்போன புகார் பல வருஷமாக இருக்கிறது. ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். வீட்டின் விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

பத்திரம்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். தரகர் "நாளைக்கே வேற பார்ட்டி வருது" என்பார். வரட்டும்.

முதலில் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: அவர் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள் குறைந்தது 30 வருஷத்துக்கு, பட்டா, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, கட்டட வரைபட அனுமதி. எல்லாவற்றிலும் முதலில் நகல் போதும், ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். "அசல் லாக்கர்ல இருக்கு" என்றால் லாக்கரிலிருந்து எடுத்து வரும்வரை காத்திருங்கள். "தொலைஞ்சுபோச்சு" என்றால், பெரும்பாலும் எங்கோ அடகில் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றின் பட்டியல். பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம், 1975 முதலான பதிவுகள் பெரும்பாலும் கணினியில் இருக்கின்றன, அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். சர்வே எண்ணை மட்டும் கொடுத்துத் தேடாதீர்கள். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய பழைய சர்வே எண்ணையும் கொடுத்துத் தேடுங்கள், பழைய அடமானங்கள் அந்த எண்ணில்தான் ஒளிந்திருக்கும். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் சொத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. பதிவு செய்த ஆவணம் மட்டும்தான் அதில் வரும். பதியாத உயில், வாய்மொழிப் பாகம், நடந்துகொண்டிருக்கும் கோர்ட் வழக்கு, பத்திரத்தை மட்டும் கையில் கொடுத்து வாங்கிய கைமாற்று, இதெல்லாம் வராது. விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் கடலூர் நீதிமன்றங்களில் தேடிப் பார்ப்பது நல்லது.

பட்டாவுக்கு வருவோம். "பட்டா இருக்குல்ல, அப்புறம் என்ன" என்பது நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் வசனம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அதை வைத்து மட்டும் ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா வேறொருவர் பெயரிலும் இருந்தால், ஏன் என்று விற்பவர் முதலில் சரி செய்து கொடுக்க வேண்டும், "வாங்கினதுக்கு அப்புறம் மாத்திக்கலாம்" என்பதை ஏற்காதீர்கள். பட்டாவோடு புல வரைபடத்தையும் எடுங்கள், அதில் வாய்க்கால் ஏதாவது மனையை ஒட்டி ஓடுகிறதா, பாதை காட்டியிருக்கிறதா என்று தெரியும். 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன என்று பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இதையெல்லாம் அரசின் நிலப் பதிவு இணையதளத்திலேயே பார்க்கலாம், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் போன்ற நகரப் பகுதிகளுக்கு நகர நில அளவைப் பதிவேடு என்று தனியாக இருக்கும்.

திருப்பாதிரிப்புலியூர், திருவந்திபுரம் மாதிரி பழைய கோயில் ஊர்களில் கோயில் நிலம் இருக்கும். கோயில் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பார்கள், வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் இருக்கும், பார்த்தால் சொந்த வீடு மாதிரியேதான் தெரியும். ஆனால் அடிமனை கோயிலுடையது. இப்படிப்பட்ட நிலத்தைப் பதிவுச் சட்டம் 22-அ பிரிவின்படி சார்பதிவாளர் பதிய மறுக்க வேண்டும். வக்ஃபு நிலத்துக்கும் அதே கதிதான். சர்வே எண்ணை வைத்து அறநிலையத்துறை அலுவலகத்திலும் விசாரித்துவிடுங்கள். பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கென்று ஒதுக்கியது), நிபந்தனையோடு அரசு ஒப்படை செய்த நிலம் இரண்டையும் விலை குறைவு என்று தொடக்கூடாது. குறைந்த விலைக்குக் காரணமே அந்த நிபந்தனைதான்.

மனை என்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவா என்று பாருங்கள், மனைப்பிரிவு வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, பூங்காவுக்கு விட்ட இடத்தை மனையாக விற்கிறார்களா என்றும் பாருங்கள். அனுமதியில்லாத மனைப்பிரிவுகளில் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றுக்கு வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது, அந்த வரன்முறை ஆணையை விற்பவர் காட்ட வேண்டும். பஞ்சாயத்து அப்ரூவல் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது மனைப்பிரிவுக்கான அனுமதி ஆகாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நகருங்கள்.

அடுக்குமாடி, பெரிய மனைப்பிரிவு போன்றவற்றில் நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டுக்கு மேல் போனாலோ ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டும். பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டால் திட்டத்தின் வரைபடம், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் வரும். ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவில் சரி செய்ய வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் (45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடு என்றால் 1 சதவீதம்), நிறைவுச் சான்று வாங்கி முடித்த வீட்டுக்கு இல்லை. விலை பேசும்போது இதை யார் தலையில் போடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

குடும்பச் சொத்து என்றால் உறவுமுறைகளை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். தாத்தா யார், எத்தனை பிள்ளைகள், பெண்கள் யார் யார், இறந்துபோன மகனுக்குக் குழந்தைகள் உண்டா. வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களை அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்துச் சரிபாருங்கள், "அவரு மூத்த சம்சாரம் சிதம்பரத்துல இருக்காங்களே" என்பது அங்கேதான் தெரியவரும். கல்யாணமான அக்கா தங்கைகளுக்குச் சீர் செய்தாகிவிட்டது, அவர்களுக்குப் பங்கில்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பெண்களுக்கும் சமப் பங்கு, தமிழ்நாட்டில் 1989லேயே அதற்கான சட்டம் வந்துவிட்டது. அவர்களும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். சமீபத்தில் அம்மா அப்பா தானமாக எழுதிக் கொடுத்ததை மகன் உடனே விற்கிறார் என்றால், பராமரிக்கவில்லை என்று பெற்றோர் 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அந்தத் தானத்தையே ரத்து செய்யக் கேட்க வழியிருக்கிறது. பெற்றோரையும் கிரயப் பத்திரத்தில் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட வையுங்கள்.

இதையெல்லாம் ஒரு வக்கீலிடம் கொடுத்துக் கருத்துரை வாங்குங்கள். வங்கியின் வக்கீல் பார்ப்பாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் வங்கியின் பணத்துக்குக் காவல், உங்களுக்கு இல்லை. உங்கள் வக்கீலை நீங்களே பிடியுங்கள், விற்பவரோ தரகரோ சொன்ன ஆள் வேண்டாம்.

பாண்டிப் பக்கம் பார்க்கிறீர்களா?

ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அது பாண்டி. கடலூரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே வீடு வாங்குபவர்கள் நிறைய. பஸ்ஸில் பத்து நிமிஷ வித்தியாசம்தான், ஆனால் அரசாங்கமே வேறு. முத்திரைத் தீர்வை, வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு), கட்டட அனுமதி எல்லாம் தனி, நிலப் பதிவுகளுக்கு நிலமகள் என்று தனி இணையதளம். மேலே சொன்ன தமிழ்நாட்டுக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். நிலத்தைக் குழி கணக்கில் சொல்வார்கள், ஊருக்கு ஊர் குழி மாறும், எத்தனை சதுர அடி என்று எழுதி வாங்குங்கள். நம் பக்கம் சென்ட் என்றால் 435.6 சதுர அடி, அதில் குழப்பமில்லை.

பழைய பாண்டிச் சொத்துகளில் பிரெஞ்சுக் காலப் பத்திரங்கள் பிரெஞ்சிலேயே இருக்கும், மொழிபெயர்த்து வாங்க வேண்டும். விற்பவர் பிரான்சில் இருப்பார், இங்கே சொந்தக்காரர் ஒருவர் பவர் பத்திரத்தோடு வருவார். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றோ, முறையான நோட்டரி சான்றோ இருக்க வேண்டும், இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று வீடியோ காலில் பேசிப் பாருங்கள், கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் செத்தது. உள்நாட்டு ஆளிடம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் வாங்கினால் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்தே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 50 லட்ச வரம்பு கிடையாது, பிடிக்க வேண்டிய தொகையும் மிகவும் அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். ஆடிட்டரைப் பார்க்காமல் இப்படிப்பட்ட கிரயத்தில் பணம் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ், பதிவு

விலை படிந்தால் டோக்கன் அட்வான்ஸ் சின்னதாகக் கொடுங்கள், அதுவும் வங்கி வழியாக. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். "பாதி வெள்ளை பாதி கருப்பு" என்பார்கள். பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் உங்களுக்குக் கடன் குறையும், கிரயம் முறிந்தால் ரொக்கமாகக் கொடுத்ததைக் கேட்க ஆதாரம் இருக்காது, நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் உங்கள் தலையில் விழும். மிச்சமாகும் முத்திரைத் தீர்வைக்கு இவ்வளவு ஆபத்து தேவையா என்று யோசியுங்கள்.

பெரிய அட்வான்ஸ் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிந்துவிடுங்கள், தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 2012 திருத்தத்திலிருந்து அதையும் பதிய வேண்டும். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவுக்கு முன் சர்வேயரை வைத்து நாலு பக்கமும் அளந்து கல் நட்டுவிடுங்கள், பத்திரத்தில் 1200 சதுர அடி என்று இருக்கும், தரையில் 1140தான் இருக்கும்.

பதிவு நாளில் வேலை அதிகமில்லை. பத்திர வரைவை முந்தின நாளே வாங்கிச் சர்வே எண், நான்கு எல்லை, பெயர் எழுத்து எல்லாம் படித்துவிடுங்கள், ஓர் எழுத்துப் பிழைக்கும் பிறகு பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அடையாள அட்டை, பான், இரண்டு சாட்சிகள். சாவியும் அசல் தாய்ப் பத்திரங்களும் டி.டி. கைமாறும் அதே நேரத்தில் வர வேண்டும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். சில வாரத்தில் புதிய வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பட்டா தானாக மாறும், உட்பிரிவு என்றால் மனு, சர்வேயர், அலைச்சல் எல்லாம் உண்டு. வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். பத்து வருஷமாகப் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கரண்ட் பில் வரும் வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

கடன் முடியும்போது வங்கி உங்கள் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. கடனோடு சேர்த்து வங்கியில் ஆயுள் காப்பீடு ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டுமா என்று நிதானமாக யோசியுங்கள், கட்டாயம் இல்லை. அதற்குப் பதில் வெள்ளம், புயல் இரண்டுக்கும் வீட்டுக் காப்பீடு எடுங்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கூரைகளையும் மரங்களையும் பிய்த்துப்போட்ட ஊர் இது. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பெயரில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரி பாலிசி விற்கின்றன. அதில் கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் தொகையை மட்டும் போடுங்கள், மனை விலையைச் சேர்த்தால் பிரீமியம்தான் கூடும், நிலத்துக்கு இழப்பீடு எதுவும் வராது.